கொள்ளிடக் கரையில் களை பிடுங்கினார்கள்

அவ்வளவு சுத்தமான இடத்தை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

தை மாதத்துக் காலை நேரம். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரைச் சரிவு. தோளில் மரச்சட்டம், கையில் நோட்டுப் புத்தகம், வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டு. கரையில் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் முள்கம்பி வேலிக்குள் நாங்கள் செடி எண்ணுகிற பத்துச் சதுரங்களும் தெரியும். முழங்கால் உயரத்துக்குப் பச்சை மண்டிக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

ஒரு புல் இல்லை. பத்துச் சதுரத்திலும் வழித்து எடுத்தது போல வெறும் மணல். அந்த மணலையும் பெருக்கியிருந்தார்கள். விளக்குமாற்றுக் கோடுகள் வரி வரியாகத் தெரிந்தன. மூலைக்கல் ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பு அடித்து, நடுவில் காவிப்பட்டை தீட்டியிருந்தது. வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழைமரம். மாவிலைத் தோரணம். ஈரச் சுண்ணாம்பின் வாசனை நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது.

காவலாளி மாயவன் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு தள்ளியே நின்றார். வழக்கமாக ஓடி வந்து சட்டத்தை வாங்கிக்கொள்கிறவர்.

"மாயவன், என்ன இது?"

"க்ளீன் பண்ணச் சொன்னாங்கம்மா."

"யாரு சொன்னது?"

"ஓவர்சியர் ஐயாதாம்மா. நாளைக் கழிச்சு மெட்ராஸ்லேருந்து பெரிய ஆபீசர் வராராம். நான் சொன்னேன்மா, டீச்சரம்மா ஒரு புல்லைக் கிள்ள விடமாட்டாங்கன்னு. 'இது கவர்மெண்டு எடமா, உங்க டீச்சரம்மா எடமா'ன்னு கேட்டாரு. நான் என்னம்மா பண்றது?"

"பிடுங்கினதை எங்க போட்டீங்க?"

"ஓவர்சியர் ஐயா வீட்டு மாட்டுக்கு வண்டியில ஏத்திவிட்டாச்சும்மா."

எட்டாம் வருடத்து ஆராய்ச்சி முழுவதையும் ஓவர்சியர் வீட்டுப் பசு தின்றுகொண்டிருந்தது. நான் அந்தப் பெருக்கிய மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாந்தம் வேண்டுமாம்

சென்ற வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அம்மா, வயதாகிவிட்டதே, கொஞ்சம் சாந்தமாக எழுதக்கூடாதா?" கூடாது. சாந்தமாக இருந்து இருந்துதான் இந்த நாட்டில் பாதிக் காரியம் பாழாகியிருக்கிறது. என் வயிற்றெரிச்சல் தாங்காதவர்கள் இந்த வாரம் கோலப் பக்கத்துக்குத் தாராளமாகப் போகலாம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. திருச்சியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். வீடு பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பெண்பிள்ளை செடி பிடுங்கப் படிக்க வேண்டுமா என்று கேட்ட உறவுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: நான் செடியைப் பிடுங்குவதில்லை, எண்ணுகிறேன்.

இரண்டு பூட்டு

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருடம், ஆற்றுக்கரைகளைக் கவனிக்கும் சர்க்கார் இலாகாவுக்கும் எங்கள் கல்லூரிக்கும் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. வெள்ளம் வந்து போன கரையில் எந்தச் செடி முதலில் முளைக்கிறது, எது அடுத்த வெள்ளத்தையும் தாங்கி நிற்கிறது, எது மண்ணைப் பிடித்துக்கொள்கிறது? இதைப் பத்து வருடம் விடாமல் பார்க்க வேண்டும். இடமும் வேலியும் காவலாளியும் இலாகாவுடையது. எண்ணுகிற ஆளும் மூளையும் கல்லூரியுடையது. அந்த ஆள் நான். மூளை என் பேராசிரியர் பாஷ்யம்.

பாஷ்யம் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் கலையாமல் மைக்ராஸ்கோப்பில் குனிகிறவர். நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. நல்ல மனுஷர்களால் எனக்கு வந்த சங்கடம் கெட்டவர்களால் வந்ததில்லை.

யோசனை அருமையான யோசனை. இன்றைக்கும் அதைச் சொல்வேன். காலேஜுக்கு ஆறு கிடையாது, சர்க்காருக்குப் பொறுமை கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் பத்து வருடம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியும்.

ஆனால் சேர்ந்த முதல் நாளே சந்தேகமும் சேர்ந்துகொண்டது. கேட்டுக்கு யார் பூட்டுப் போடுவது? கல்லூரிக்காரர்கள் பூட்டினால் சர்க்கார் இடத்துக்குச் சர்க்காரே போக முடியாதே என்றார்கள் அவர்கள். நீங்கள் பூட்டினால் நாங்கள் எப்படி எண்ணுவது என்றோம் நாங்கள். கடைசியில் இரண்டு பூட்டு. ஒன்று இலாகாவுடையது, ஒன்று எங்களுடையது. இரண்டு சாவியும் வந்தால்தான் கேட் திறக்கும். அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அது கேட் இல்லம்மா, பஞ்சாயத்து" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. இலாகா சாவி ஓவர்சியர் தங்கவேலுவின் இடுப்பில் இருந்தது. நான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினால் அவர் மணப்பாறைக்கு இன்ஸ்பெக்‌ஷன் போயிருப்பார். எத்தனையோ நாள் முள்கம்பிக்கு அடியில் மாயவன் பள்ளம் தோண்டிக் கொடுக்க, புடவையைச் சுருட்டிக்கொண்டு நான் நுழைந்து போயிருக்கிறேன். முதுகில் கீறல் இல்லாமல் நான் எண்ணின வருடம் கிடையாது.

அன்றைக்குக் களை பிடுங்க எட்டு ஆள் எப்படி உள்ளே போனார்கள் தெரியுமா? இரண்டு பூட்டும் போட்டது போட்டபடி தொங்கிக்கொண்டிருந்தன. கேட்டைக் கீலோடு கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

ஜன்னல்காரி

எண்ணுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மூன்றடிக்கு மூன்றடி ஒரு மரச்சட்டம். அதை மணலில் வைத்து, அதற்குள் இருக்கிற ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லி எண்ணி எழுத வேண்டும். பிறகு சட்டத்தை நகர்த்தி வைக்க வேண்டும். ஒரு சதுரம் முடிய ஒரு நாள். கோரை, நாணல், எருக்கு, துத்தி, நெருஞ்சி, கருவேலங்கன்று எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

பஸ்ஸில் அந்தச் சட்டத்தை ஏற்றினால் கண்டக்டர் தவறாமல் கேட்பார்: "என்னம்மா, வீட்டு ஜன்னலைக் கழட்டிக்கிட்டு எங்க போறீங்க?" ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் என் பெயரே ஜன்னல்காரி. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

ஏழு வருடம் இப்படிப் போயிற்று. சில வருடம் தண்ணீர் வேலிக்குப் பாதி வரை வந்து போகும். சில வருடம் கரையைத் தொடக்கூடத் தொடாது. உண்மையான வெள்ளத்துக்காகத்தான் காத்திருந்தோம். சொன்னால் பாவம், மற்றவர்கள் வெள்ளம் வரக்கூடாது என்று அம்மா மண்டபப் படித்துறையில் வேண்டிக்கொண்டிருந்தபோது நான் வரவேண்டும் என்று மனசுக்குள் நினைத்திருக்கிறேன்.

எட்டாம் வருடம் ஐப்பசியில் வந்தது. வேலியே தெரியாமல் போயிற்று. தண்ணீர் வடிந்தபிறகும் கரைப் பாதை அறுந்து கிடந்ததால் தை பிறக்கும் வரை என்னால் அங்கே போக முடியவில்லை. மாயவன் மட்டும் எப்படியோ சுற்றிக்கொண்டு போய்க் காவல் இருந்தார். ஏழு வருடமாக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அந்த ஒரு தை மாதத்தில் விடை முளைத்து நின்றது. நான் போவதற்கு முந்தின இரண்டு நாளில் அதைத்தான் பிடுங்கிப் போட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், சாந்தமாக எழுதட்டுமா?

பெரியவர் வந்தார்

பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். மாலை போட்டார்கள். எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். வேலி ஓரமாக நடந்து போய், கைத்தடியால் வெள்ளைக்கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"பேஷ். ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க. இதுல என்ன போடப் போறீங்க?"

"ஒண்ணும் போடலீங்க சார்" என்றார் தங்கவேலு. "இது ஆராய்ச்சிங்க."

"ஓகோ" என்றார் பெரியவர். அவ்வளவுதான். இளநீர் குடித்துவிட்டு ஜீப் ஏறிவிட்டார். நான் முன்னால் போய் வாயைத் திறக்கப் பார்த்தேன். பாஷ்யம் சார் என் நோட்டுப் புத்தகத்தைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

தங்கவேலு கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரிய ஆபீசர் வந்தால் இலாகா இடமெல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை. ஆபீஸ் கட்டடமானாலும் மதகானாலும் மைல்கல்லானாலும் பெருக்கு, வெள்ளையடி, காவி தீட்டு. அந்தக் காலத்தில் ஒரு அதிகாரி வருகிறார் என்றால் மரத்துக்குக்கூடச் சுண்ணாம்பு அடிப்பார்கள். எட்டு வருடமாகக் களை மண்டிக் கிடக்கிற இடத்தை அவர் அவமானமாகத்தான் பார்த்திருக்கிறார். மானம் காத்தேன் என்று நினைத்திருக்கிறார் மனுஷர்.

காலியாக விடக்கூடாது

இரண்டு நாள் கழித்து பாஷ்யம் சார் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மேஜை மேல் வருடாந்திரப் படிவம். எட்டாம் வருடப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"எழுதறதுக்கு என்ன இருக்கு சார்? அதிகாரி வருகைக்காகக் களை பிடுங்கப்பட்டது, எண்ணவில்லை. இவ்வளவுதான்" என்றேன்.

"அப்படி எழுத முடியாதுங்கம்மா" என்றார் தங்கவேலு. "படிவத்துல எதையும் காலியா விடக்கூடாதுங்க. விட்டா மொத்த பைலும் திரும்பி வந்துடும். ஒரு வருஷம் வேலை நடக்கலேன்னு ஒப்பந்தத்தையே முடிச்சிடுவாங்க."

பாஷ்யம் சார் கண்ணாடியைத் துடைத்தார். "நடந்தது நடந்துடுத்தும்மா. இனிமே பேசி என்ன பிரயோஜனம்? எல்லாம் பெருமாள் சங்கல்பம்."

"பெருமாளா சார் களை பிடுங்கினார்?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தங்கவேலுதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"உண்மையை எழுதுங்கம்மா, எனக்கொண்ணும் இல்ல. ஆனா யாரு பிடுங்கினதுன்னு விசாரணை வரும். பிடுங்கினது மாயவன். சுற்றறிக்கை என் கையில இருக்கு, அவன் கையில என்ன இருக்கு? அவன் இன்னும் டெம்பரவரிதானே. அப்புறம் உங்க இஷ்டம்."

எப்படி ஒரே வீச்சில் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டார் பாருங்கள். பிடுங்கச் சொன்னவர் இவர். பழி பிடுங்கினவன் மேல். அதை அவன் தலையில் இறக்கப்போவது நான்.

ஒரு வாரம் மாட்டேன் என்றேன். கத்தினேன். லேபில் ஒரு பீக்கரைக்கூட உடைத்தேன். பாஷ்யம் சார் தினமும் வந்து, "பாக்கி ரெண்டு வருஷமாவது பொழைக்கட்டுமேம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அதட்டினால் எதிர்த்திருப்பேன். அவர் கெஞ்சினார்.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பொன்மலை குவார்ட்டர்ஸ் சமையலறை மேஜை. அம்மா அடுப்பில் வாழைக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமைகூட என்னடி எழுதுற?"

"காலேஜ் வேலைம்மா."

ஏழாம் வருடத்து எண்களை எடுத்து வைத்துக்கொண்டேன். பெரிய வெள்ளம் வந்திருக்கிறது, எருக்கும் துத்தியும் தாங்காது, அவற்றைக் குறைத்தேன். நெருஞ்சியை அடியோடு எடுத்தேன். கோரையில் பாதி. நாணல்?

நாணலைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பெருவெள்ளத்தில் மரம் சாயும், நாணல் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சமாசாரம். பத்துச் சதுரத்திலும் நாணலை நிமிர்த்தி நிறுத்தினேன். பள்ளிக்கூடத்தில் படித்த நீதிக்கதையை ஆராய்ச்சி என்று எழுதினேன்.

நன்றாகவும் எழுதினேன். அதையும் சொல்லிவிட வேண்டும். கையில் தொழில் இருந்ததே! ஓர் எண்ணை அடித்து மேலே திருத்தினேன், வெயிலில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் இருக்கும். பைக்குள் ஒட்டியிருந்த கொள்ளிடத்து மணலைக் கொட்டிப் பக்கத்தின் மேல் தேய்த்தேன். மறுநாள் பாஷ்யம் சார் அதைப் பார்த்துவிட்டு, மணலை ஊதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கோ மாயவன் வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திமிர்.

இரண்டு மாதத்தில் மாயவனை நிறுத்திவிட்டார்கள். ஏன் தெரியுமா? பெரியவர் ஊருக்குப் போய் எழுதிய குறிப்பில், வேலி மிக நல்ல நிலையில் இருக்கிறது, இடம் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, எனவே தனியாகக் காவலாளி அவசியமில்லை என்று இருந்ததாம். தங்கவேலுவுக்குப் பாராட்டுக் கடிதம். நான் இலாகா ஆபீசில் போய் நின்றுகொண்டு கத்திய கத்தலுக்குத் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு ப்யூன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதைத் தவிர எதுவும் நடக்கவில்லை.

காவல் இல்லாமல் போனதும் வேலிக்குள் மாடு புகுந்தது. ஒன்பதாம் வருடம் எண்ணப் போனபோது நாணல் எங்கேயும் இல்லை. மாடு மேய்ந்துவிட்டது என்று எழுதினேன். பிடுங்கின தூரிலிருந்து மறுபடி துளிர்த்திருக்கும், அதை மாடு மேய்ந்திருக்கும் என்றுதான் நம்பினேன். என் பொய்யை நானே சாட்சியாக வைத்துக்கொண்டு, கண் முன்னால் இருந்த உண்மையைத் திருத்தியிருக்கிறேன்.

பத்து வருடம் முடிந்து அறிக்கை அச்சாயிற்று. முதல் பக்கத்தில் இரண்டு முத்திரை, இலாகாவுடையதும் கல்லூரியுடையதும். அதன் முக்கியமான முடிவு இது: பெருவெள்ளத்துக்குப் பிறகும் நாணல் நிலைத்து நின்றது, பின்னர் மேய்ச்சலால் அழிந்தது, ஆகவே பலவீனமான கரைகளில் நாணல் நடலாம். நட்டார்கள். அது எத்தனை நாள் நின்றது என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கிற தைரியம் வரவில்லை.

நெல் காய்ந்த களம்

அதற்கடுத்த வருடம் ஒரு கல்யாணத்துக்காக மண்ணச்சநல்லூர் போனேன். மாயவன் அங்கே ஒரு ரைஸ் மில்லில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, விசாரித்துக்கொண்டு போனேன். களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். புழுங்கல் நெல்லின் ஆவி முகத்தில் அடித்தது.

எதற்காகப் போனேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அவருக்காக நான் செய்ததை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காலை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எனக்காகவாம்மா பொய் எழுதினீங்க?"

"ஆமாம். உங்க வேலை போயிடும்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. நான்தான் பிடுங்கினேன், சொன்னாங்க பிடுங்கினேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேனே."

"வேலை போயிருக்குமே, மாயவன்."

"இப்ப மட்டும் இருக்கா?"

அவர் மறுபடி நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"சரி, என்னதான் எழுதினீங்க?"

"வெள்ளத்துக்கு அப்புறம் நாணல் நின்னுச்சுன்னு எழுதினேன்."

"நாணலா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாணல் எங்கம்மா இருந்துச்சு? மணலை அரிச்சுக்கிட்டு ஓடுனதுல தூரோட போயிடுச்சே! பத்துலயும் ஒண்ணுகூட இல்ல. நாங்க பிடுங்கினது பூரா கோரைதான். கிழங்கு விட்டு உள்ள ஓடிக் கிடந்துச்சு, இழுத்தா வரல, மம்முட்டி போட்டுத் தோண்டினோம். எட்டு பேரு கையும் ரத்தம். அதனாலதானே ரெண்டு நாள் ஆச்சு."

"ஏன் மாயவன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க எங்கம்மா கேட்டீங்க?"

கேட்கவில்லை. பேராசிரியர் கேட்கவில்லை, ஓவர்சியர் கேட்கவில்லை, எட்டு வருடம் கூடவே இருந்த நானும் கேட்கவில்லை. அந்த அறையில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒவ்வொரு செடியையும் தன் கையால் பிடுங்கிய மனுஷர் ஒரு பஸ் தூரத்தில்தான் இருந்தார். அவருக்காகப் பரிதாபப்பட எனக்குத் தெரிந்தது. அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. தங்கவேலுவின் மேல் எனக்குள்ள கோபம், என் மேல் எனக்கு வந்த இந்தக் கோபத்துக்கு உறை போடக் காணாது.

ஊர் திரும்பியதும் பாஷ்யம் சாரிடம் ஓடினேன். திருத்தம் போட வேண்டும் என்றேன். "அச்சேறிடுத்தேம்மா" என்றார். இலாகாவுக்கு எழுதினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன், இல்லை. அப்புறம் கல்யாணம், வேறு ஊர், வேறு கல்லூரி என்று சாக்குச் சொல்லிக்கொண்டு நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அந்த அறிக்கையில் எட்டாம் வருடப் பக்கம்தான் மிகவும் உபயோகமாக இருக்கிறதாம். வெள்ளத்துக்குப் பிறகு இவ்வளவு நுணுக்கமாக எண்ணியவர்கள் வேறு யாரும் இல்லையாம். எனக்கு நமஸ்காரம் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு மட்டும் பதில் எழுதினால் போதாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அந்த அறிக்கை எந்த நூலகத்தில் இருந்தாலும் எடுத்து, எட்டாம் வருடப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிடுங்கள். அதில் ஓர் எண்கூட உண்மையில்லை. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொன்மலைச் சமையலறையில் நான் எழுதியது. ஒன்பதாம் வருடத்தில் மாடு மேய்ந்தது என்று இருக்கும் வரியையும் அடியுங்கள்.

அடித்த இடத்தில் இதை எழுதுங்கள்: நாணல் இல்லை. கோரை இருந்தது. எவ்வளவு என்று தெரியாது. தகவல் தந்தவர் மாயவன், களை பிடுங்கியவர்.